வேலூரில் திறந்த கதவும் கரியாலூரில் மூடிய கதவும்

கரியாலூருக்கு நாம் சென்றிருந்தபோது, பஸ் நிற்கும் இடத்துத் தேநீர்க் கடையில் ஒரு பெரியவர் நம்மைப் பிடித்துக்கொண்டார். சாமையும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கும் மலையாளிக் குடும்பத்துக்காரர். கொடியைப் பார்த்துவிட்டு வந்தவர், மனு எதுவும் நீட்டவில்லை. கேள்வி ஒன்றைத்தான் நீட்டினார்.

"எம் மவளப் பன்னெண்டு வரைக்கும் படிக்க வச்சுட்டேங்க. மேல படிக்கணும்னு நிக்கிறா. கீழ காலேஜுல ஆம்பளப் பசங்களும் ஒண்ணாத்தான் படிக்கிறாங்களாம். எப்படிங்க அனுப்பறது? பொண்ணுங்களுக்குன்னு தனியா ஒரு காலேஜ் மலையிலேயே கேட்டு வாங்கிக் குடுங்களேன்."

உடனிருந்த இளந்தோழர் ஒருவர் சிரித்துவிட்டார். சிரித்தது தவறு. அதை அவரிடமே சொன்னோம். மகளைப் பன்னிரண்டாம் வகுப்புவரை படிக்க வைத்த மலைவாசித் தகப்பனைப் பார்த்துச் சிரிக்கும் யோக்கியதை நம்மில் எவருக்கும் கிடையாது. அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அவர் கேட்ட பரிகாரம் சரியானதா? இதற்கு விடை தேடிச் சீமைக்குப் போக வேண்டியதில்லை. வேலூர் வரை போய் வந்தாலே போதும்.

வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைத் தெரியாதவர் நம் பக்கத்தில் யார்? 'சி.எம்.சி.க்குக் கொண்டுபோ' என்பது வடாற்காடு, தென்னாற்காட்டு வீடுகளில் கடைசி நம்பிக்கையின் சொல். அந்தக் கல்லூரி பிறந்தபோது அது பெண்களுக்கு மட்டுமான கல்லூரி என்பதையும், 1947இல்தான் ஆண்களுக்குக் கதவு திறந்தது என்பதையும் நம் தோழர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? ஆண்கள் கல்லூரியில் பெண்கள் நுழைந்த கதைகளைக் கேட்டிருக்கிறோம். இது அதற்கு நேர் எதிரான கதை.

கதையின் தொடக்கம் நம் பழைய தென்னாற்காடு ஜில்லாவிலேயே இருக்கிறது. திண்டிவனத்தில் அமெரிக்கப் பாதிரி டாக்டர் ஒருவர் இருந்தார், ஜான் ஸ்கடர் என்று பெயர். ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்து, நோயுற்ற தாயாருக்குத் துணையாக 1890ஐ ஒட்டி இங்கே வந்திருந்தார் அவர் மகள் ஐடா. ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் மேல்சாதி இந்து. மூவரின் மனைவிமாரும் பிரசவத்தில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார்கள். 'என் தகப்பனார் டாக்டர், அவர் வருவார்' என்றார் அந்தப் பெண். 'ஆண் டாக்டர் எங்கள் வீட்டுப் பெண்ணைத் தொடுவதா? நீங்கள் வாருங்கள்' என்றார்கள். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்துப்போனார்கள்.

மதம் மூன்றானாலும் மடமை ஒன்றுதான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா! ஆனால் நாம் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த மூன்று வீட்டிலும் வேண்டாம் என்று மறுப்பதற்காவது ஒரு டாக்டர் இருந்தார். அதே ஜில்லாவின் மேற்குக் கோடியில், ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்த கல்வராயன் மலையில் பிரசவ வலியில் துடித்த பெண்ணுக்கு ஆண் டாக்டரும் இல்லை, பெண் டாக்டரும் இல்லை. மறுப்பதற்கும் ஒரு டாக்டர் வேண்டுமே!

ஐடா அமெரிக்கா திரும்பி மருத்துவம் படித்தார். பெண்களைப் புதிதாகச் சேர்த்துக்கொண்ட கார்னெல் மருத்துவக் கல்லூரியில், ஆண்களோடு ஒரே வகுப்பில் படித்து 1899இல் தேறினார். 1900 ஜனவரியில் இந்தியா வந்து சேர்ந்தார். மனைவியின் நினைவாக ஷெல் என்ற நியூயார்க் பணக்காரர் கொடுத்த பத்தாயிரம் டாலரைக்கொண்டு 1902இல் வேலூரில் 40 படுக்கைகளுடன் பெண்கள் ஆஸ்பத்திரி எழுந்தது. ஒற்றை டாக்டரால் ஆகக்கூடிய காரியமல்ல என்று கண்டு, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கினார். பெண் பிள்ளைகள் யார் வரப்போகிறார்கள் என்று மேலதிகாரியான வெள்ளைக்காரருக்குச் சந்தேகம். ஆண்கள் படித்த பள்ளிகளில் பெரும்பாலோர் தவறிய முதலாண்டுத் தேர்வில், வேலூர்ப் பெண்கள் அத்தனை பேரும் தேறினார்கள். 1922இல் முதல் தொகுதியாக 14 பெண்கள் எல்.எம்.பி. பட்டயத்தோடு வெளியே வந்தார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும். சென்னை மருத்துவக் கல்லூரி 1875லேயே நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டதே; புதுக்கோட்டையில் ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் எதிர்ப்பை மீறி நுழைந்த முத்துலட்சுமி அம்மையார் 1912இல் சென்னையில் டாக்டராகத் தேறிவிட்டாரே; பிறகு பெண்களுக்குத் தனிப் பள்ளி எதற்கு?

தோழர்களே, கல்லூரிக்கு ஒரு கதவு, வீட்டுக்கு ஒரு கதவு. சென்னைக் கல்லூரி 1875இல் தன் கதவைத் திறந்தது உண்மை. ஆனால் அந்த நால்வரில் நம் வீட்டுப் பெண் ஒருத்தி உண்டா? இல்லை. வீட்டுக் கதவு தாழிட்டுக் கிடந்தது. முத்துலட்சுமி அம்மையார் போன்ற வீராங்கனை ஒருவர் அதை உடைத்துக்கொண்டு வரலாம். எல்லாப் பெண்ணும் வீராங்கனையாக இருந்தால்தான் படிக்கலாம் என்பது என்ன நியாயம்? 'உங்கள் பெண்ணுக்குப் பெண்களே பாடம் சொல்வார்கள், பெண்களோடே தங்குவாள்' என்று வேலூர் சொன்னபோதுதான் பல வீடுகளின் தாழ் கழன்றது. தனிப் பள்ளி அன்று பாலமாக இருந்தது. அதைப் பிற்போக்கு என்று பேசுகிறவன் அந்தக் காலத்து வீட்டு வாசலை அறியாதவன்.

பிறகு ஆண்களுக்கு ஏன் திறந்தார்கள்? பெருந்தன்மையாலா? அல்ல. சர்க்கார் உத்தரவாலும் பணமுடையாலும்.

1937இல் ராஜாஜி மந்திரிசபை சென்னை ராஜதானியில் பதவியேற்றது. அந்தக் காலத்தில்தான் எல்.எம்.பி. படிப்பை ஒழித்துவிடுவது, இனி டாக்டர் என்றால் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற எம்.பி.பி.எஸ். மட்டுமே என்ற முடிவு வந்தது. நோக்கத்தை நாம் குறை சொல்லவில்லை. பட்டணத்துக்கு முழு டாக்டர், பட்டிக்காட்டுக்கு அரை டாக்டர் என்பது எந்த ஊர்ச் சமத்துவம்? ஆனால் உத்தரவு போட்ட கை, பணப்பையை யாருக்கு நீட்டியது என்று பாருங்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவப் பள்ளியும் எல்.எம்.பி. பள்ளிதான். அது சர்க்கார் பள்ளி. சர்க்கார் பணத்தில் 1938இல் கல்லூரியாக உயர்ந்துவிட்டது. வேலூர்ப் பெண்கள் பள்ளிக்கோ, பட்டப்படிப்புக்கு வேண்டிய பேராசிரியர்கள், ஆய்வுக்கூடங்கள், கூடுதல் படுக்கைகள் எல்லாவற்றையும் தானே தேடிக்கொள். இல்லாவிட்டால் மூடிக்கொள் என்பதுதான் நிலை.

எழுபது வயது ஐடா அம்மையார் 1941இல் கப்பலேறினார். உலகப் போர் நடந்த ஆண்டுகள் நெடுக அமெரிக்காவில் ஊர் ஊராகச் சுற்றிப் பணம் திரட்டினார். 1942இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்க வழி பிறந்தது. அதே வேளையில் ஆண்களுக்கும் ஒரு கிறித்தவ மருத்துவக் கல்லூரி வேண்டும் என்று பல மிஷன்கள் பேசிக்கொண்டிருந்தன. இரண்டு கல்லூரிக்குப் பணம் இல்லை. ஒன்றாகச் சேர்ந்தால் ஒன்றாவது பிழைக்கும். ஆக, ஆண்களையும் சேர்ப்பதா என்ற கேள்வி மேசைக்கு வந்தது.

அமெரிக்காவில் வேலூருக்காகப் பெண்களிடம் பணம் திரட்டிவந்த லூசி பீபடி அம்மையார், கூடவே கூடாது என்று நின்றார். ஐடாவின் நெடுநாள் தோழி அவர். பெண்கள் பெண்களுக்காகக் கொடுத்த காசு இது. ஆண்கள் உள்ளே வந்தால் இடத்தையும் பிடிப்பார்கள், பதவியையும் பிடிப்பார்கள் என்பது அவர் பக்கத்து அச்சம். ஐடாவுக்கே நெடுநாள் மனம் இரண்டாகக் கிடந்தது. முடிவில், கல்லூரி வாழ வேண்டுமானால் கதவு திறந்தாக வேண்டும் என்ற பக்கம் சேர்ந்தார். பழைய நட்பு அதில் கசந்துபோயிற்று.

அந்த அச்சத்தை நாம் அசட்டுத்தனம் என்று தள்ளமாட்டோம். எந்தச் சங்கத்திலும், எந்தக் கமிட்டியிலும், ஏன், நம் கிளைகளிலேயே, ஆண்கள் வந்து உட்கார்ந்த பிறகு பெண்களுக்கு எத்தனை நாற்காலி மிஞ்சுகிறது என்று எண்ணிப் பார்த்தவருக்கு பீபடி அம்மையாரின் கவலை விளங்கும். ஆனாலும் வேலூரில் நடந்தது வேறு. 1947இல் ஆண்கள் நுழைந்தார்கள். அதையடுத்த ஆண்டுகளில் அந்த நிறுவனத்தை நடத்தியவர் ஹில்டா லாசரஸ் அம்மையார், இயக்குநர் பொறுப்பேற்ற முதல் இந்தியர். ஆண்கள் வந்தார்கள், தலைமை பெண்ணிடம் இருந்தது! தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திக்காட்டிய பால் பிராண்ட் அங்கே பணியாற்றினார். 1954இல் விபத்தில் முதுகெலும்பு முறிந்து சக்கர நாற்காலிக்கு வந்த மேரி வர்கீஸ் அம்மையார், அந்த நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். ஐடா அம்மையார் 1960 மே மாதம் கொடைக்கானலில் மறைந்தபோது, தாம் தொடங்கிய பெண்கள் பள்ளி இருபாலர் கல்லூரியாக வேரூன்றி நின்றதைப் பார்த்துவிட்டே கண்மூடினார்.

ஏன் வேலூரில் பெண்கள் அமுங்கிப்போகவில்லை? முப்பது ஆண்டு அது பெண்கள் வீடாக இருந்தது. நடத்துகிறவர்கள் பெண்களாக இருந்தார்கள், தங்கும் விடுதி முதலில் பெண்களுக்கே கட்டப்பட்டிருந்தது. ஆண்கள்தான் அங்கே விருந்தாளிகளாக வந்தார்கள். இதைக் கவனிக்காமல் 'இருபாலர் கல்வி வாழ்க' என்று கோஷம் மட்டும் போட்டுப் பயனில்லை.

கதவைத் திறந்துவிட்டால் மட்டும் கல்லூரி பிழைத்துவிடும் என்பதும் இல்லை. அமெரிக்காவில் 1868இல் தொடங்கிய வெல்ஸ் கல்லூரி என்ற சிறு பெண்கள் கல்லூரி, வரும்படி போதாமல், மாணவிகளின் எதிர்ப்பையும் மீறி 2005இல் ஆண்களைச் சேர்த்தது. 2024இல் இழுத்து மூடிவிட்டார்கள். பணம் வேண்டும் என்பதற்காக மட்டும் திறந்த கதவு அது.

இப்போது கரியாலூர்ப் பெரியவரிடம் திரும்புவோம். 1976இல்தான் ஜாகீர்ப் பிடியிலிருந்து முழுமையாக விடுபட்ட மலை இது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கு மேற்பட்டோர் மடிந்த பிறகு, சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து இந்த மலை மக்களின் நிலை என்ன என்று சர்க்காரைக் கேட்டது. சாவு விழுந்த பிறகுதான் நம் நாட்டில் சாலையைப் பற்றிப் பேச்சு வருகிறது!

கல்லூரிக் கதவு என்றால் இன்று திறந்துதான் இருக்கிறது. கள்ளக்குறிச்சிக்கு 2022 ஜனவரியில் சர்க்கார் மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. ஆணும் பெண்ணும் சேர்ந்து படிப்பதா என்று அங்கே எவரும் விவாதம் நடத்தவில்லை. சர்க்கார் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. 1918இல் வேலூர் கழற்றிய தாழ் எந்தத் தாழோ, அந்தத் தாழ்தான் கரியாலூர் வீட்டில் இன்னும் கிடக்கிறது.

அந்தத் தாழ் என்ன என்று நாம் பெரியவரிடமே கேட்டோம். "ஐயா, பையன்கள் கூடப் படிப்பதுதான் உங்கள் கவலையா?" என்றோம். யோசித்தார். "அது ஒண்ணுங்க. காலைல முதல் பஸ்ஸுல எறங்கினா காலேஜு மணி அடிச்சுடும். சாயங்காலம் கடைசி பஸ்ஸ விட்டா அவ எங்க படுப்பா? மலைப் பொண்ணுன்னு யாராவது ஏதாவது சொன்னா யாரு கேப்பா?" என்றார். "காலேஜுக்குப் பக்கத்திலேயே பெண்கள் விடுதி, அதற்கு ஒரு நல்ல அம்மாள் வார்டன், சாப்பாடு சர்க்கார் செலவு, அப்படியிருந்தால்?" என்றோம். "அப்படின்னா அனுப்பலாங்க" என்றார். ஆண் பிள்ளைகளைப் பற்றிப் பிறகு அவர் பேசவே இல்லை.

ஆகவே மலைக்குத் தனியாக ஒரு பெண்கள் கல்லூரி என்று மனு எழுதக் காத்திருக்கும் தோழர்களிடம் நாம் மாறுபடுகிறோம். தனிக் கல்லூரி கேட்டால் என்ன கிடைக்கும்? ஒரு பெயர்ப் பலகை, நான்கு அறை, தாற்காலிக விரிவுரையாளர் இரண்டு பேர். பௌதிகம் படிக்க விரும்பும் பெண்ணுக்கு 'இங்கே அது இல்லை' என்ற பதில். வேலூர்ப் பள்ளி கண்ட இக்கட்டு அதுதானே! ஒரு முழுக் கல்லூரிக்கு வேண்டியதைச் சிறு பள்ளியால் தாங்க முடியவில்லை. நாம் கேட்க வேண்டியது முழுக் கல்லூரியில் நம் பெண்ணுக்கு இடம். அதன் பக்கத்தில் மலைவாழ் மாணவியருக்கு விடுதி. கரியாலூரிலிருந்தும் வெள்ளிமலையிலிருந்தும் வகுப்பு நேரத்துக்குப் போய்ச் சேரும் பஸ். விடுதியிலும் கல்லூரியிலும் பொறுப்பான பதவிகளில் பெண்கள், அவர்களில் மலையிலிருந்து படித்து வந்தவர்களும்.

அதுவரை சும்மா இருப்பதா? மலைக் கிளைகள் ஒவ்வொன்றும் இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு எழுதும் பெண்களின் பட்டியலை இப்போதே எடுக்க வேண்டும். சாதிச் சான்று வாங்கக் கல்வராயன் மலை மக்கள் படும் பாடு நமக்குத் தெரியும். அதைப் பரீட்சை முடிவு வரும் வரை தள்ளிப்போடாமல் இன்றே தாலுகா அலுவலகத்தில் எழுதிக்கொடுங்கள். விண்ணப்பம் போடும் நாளில் தகப்பனையும் மகளையும் அழைத்துக்கொண்டு கீழே இறங்குங்கள். கல்யாணப் பேச்சு நடக்கும் வீடு எது என்பதும் உங்களுக்குத் தெரியும். அந்த வீட்டுக்கு முதலில் போங்கள். நம் மகளிரணித் தோழியரையும் அழைத்துப் போங்கள். தேநீர்க் கடைப் பெரியவரின் வீட்டுக்கு நாமே மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.