விழுந்தவரைத் தூக்கும் முன்

பாடசாலை விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் கல்முனைப் பக்கம் ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்காமல் நாங்கள் தோட்டத்துக்குத் திரும்புவதில்லை. இம்முறை பார்த்தது தேங்காய் பறிக்கும் ஒரு காக்காவை. மழை விட்ட காலை, மரம் ஈரம், கால் வழுக்கிவிட்டது. இப்போது இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. "தூக்கி ஓட்டோவுக்குள்ள இருத்தித்தான் கொண்டு வந்தாங்க. ஏத்துற வரைக்கும் பெருவிரல் அசைஞ்சது தம்பி" என்றார். எங்களுக்குப் பேச்சு வரவில்லை.

முதுகெலும்பு உடைந்து வருபவர்களில் உயரத்திலிருந்து விழுந்தவர்களும் வீதி விபத்தில் சிக்கியவர்களுமே அதிகம். பெரும்பாலும் உழைக்கிற வயது ஆண்கள். கரையில் தென்னை என்றால் மலையில் நிழல் மரம், கித்துல், கொழுந்து லொறி, மழையில் வழுக்கும் படி. விதி என்கிறோம். மரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் ஈரம் காயும்வரை யார் காத்திருப்பார்? அந்தக் கூலியைப் பேசியது விதியல்ல.

எலும்பு உடைந்த உடனேயே உள்ளே போகும் நரம்புத்தண்டும் முழுதாக அறுந்துவிடும் என்றில்லை. கை, காலைப் பிடித்துத் தூக்கி மடக்கி உட்கார வைக்கும்போது உடைந்த துண்டு அதை நசுக்கிவிடலாம். ஆகவே விழுந்தவரை இருத்தாதீர்கள், தண்ணீர் பருக்கத் தலையை நிமிர்த்தாதீர்கள். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். அது ஏற முடியாத தோட்டப் பாதை என்றால் ஒரு கதவுப் பலகை போதும். நாலைந்து பேர் சேர்ந்து, தலையும் கழுத்தும் முதுகும் ஒரே நேராக இருக்க, மெதுவாகப் புரட்டி அதில் கிடத்துங்கள். டிவிசனுக்கு இரண்டு பேருக்காவது இதைப் பழக்கச் சொல்லி நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். பெரிய செலவில்லை.

பிறகு வருவதுதான் நீண்ட பாடு. புனர்வாழ்வு சிகிச்சைக்கு ராகம, அதாவது நாட்டின் மறுகரை. வீட்டில் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண். சிறுநீர்த் தொற்று வேறு. லயத்துப் படியில் சக்கர நாற்காலி இறங்குமா? கொழுந்துக்குப் போன மனைவி வேலையை விட வேண்டியதுதான்.

வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் 1934 முதல் இருக்கிறது. 2022இல் உச்சத் தொகையை 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தினார்கள். ஆனால் கொந்தராத்து வேலை என்றால் நிர்வாகம் கொந்தராத்துக்காரரைக் காட்டுகிறது, அவர் தோட்டத்தைக் காட்டுகிறார். நாள் போகப் போக, பார்த்தவர்களும் மறந்துவிடுகிறார்கள்.

ஆகையால் விபத்து நடந்த அன்றே திகதி, இடம், வேலை சொன்னவர், பார்த்த இருவர் பெயர், எல்லாவற்றையும் ஒரு கொப்பித் தாளில் எழுதித் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கொடுங்கள். எழுத வராவிட்டால் எங்கள் வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள், எழுதித் தருவார்கள்.