பெயரில் மட்டும் தோட்டம்

கொழும்பில் வாழைத்தோட்டம் இருக்கிறது, மாளிகாவத்தையும் இருக்கிறது. சிங்களத்தில் 'வத்த' என்றாலும் தோட்டம்தான். ஆனால் அங்கே சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளும் மாடிக் குடியிருப்புகளுமே கண்ணில் படுகின்றன. பெருமரங்கள் நிழல் விரிக்கும் விகாரமகாதேவி பூங்காவோ கறுவாத்தோட்டத்தில் உள்ளது. அங்கே பல வீடுகளுக்குச் சொந்தத் தோட்டமே உண்டு.

2018இல் கொழும்பு ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. பெருமைதான். ஆனாலும் நகரம் பசுமையாக இருப்பது வேறு, அந்தப் பசுமை எல்லோருக்கும் எட்டுவது வேறு. வீட்டிலிருந்து 300 மீற்றருக்குள், சுமார் 5 நிமிட நடையில், குறைந்தது அரை ஹெக்டேயர் பசுமை வெளி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு.

"தினமும் நடங்கள்" என்று வைத்தியர் சொல்கிறார். சீனி வருத்தமுள்ள உம்மும்மா எங்கே நடப்பார்? முச்சக்கரவண்டிக்குக் காசு கொடுத்தா நடக்கப் போவது? ஆண்பிள்ளைகளுக்கு ஒழுங்கையாவது கிரிக்கெட் மைதானமாகிறது. எங்களுக்கு அதுவுமில்லை. வீட்டுக்குள்ளேயே உடற்பயிற்சி செய்யலாமே என்பவர்கள், ஓர் அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டைப் பார்த்ததில்லை போலும்.

நெரிசலான வட்டாரங்களில் அரை ஹெக்டேயர் கிடைக்காமல் போகலாம். கிடைக்கும் சிறு வெற்று நிலத்தையாவது மாநகர சபை நிழல்மரம், இருக்கை, மின்விளக்கு, சுத்தமான மலசலகூடம் உள்ள இடமாக்கட்டும். வெளிச்சமில்லாத பூங்காவுக்கு எந்த உம்மாவும் மகளை அனுப்பமாட்டார்.

மரம் நடுவது ஸதகா என்று அறிந்த சமூகம் நாம். அதன் நிழல் யாருக்கு எட்டுகிறது என்றும் கேட்க வேண்டாமா? பெற்றோர்களே, வாக்குக் கேட்டு வருவோரிடம் வீதியையும் வடிகானையும் பற்றிப் பேசும்போது இதையும் கேளுங்கள்.