தஞ்சோங் ரம்புத்தான் என்பது ஓர் ஊரின் பெயர்

வகுப்பில் யாராவது கொஞ்சம் விசித்திரமாக நடந்துகொண்டால், "இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்று கேலி செய்கிறோம். பாவம், ஈப்போவுக்கு அருகிலுள்ள அந்தச் சிற்றூர் என்ன தவறு செய்தது?

ஆங்கிலேயர் காலத்தில், 1911-இல், மனநோயாளிகளுக்கான காப்பகம் அங்கே திறக்கப்பட்டது. அந்நாளில் இத்தகைய இடங்களின் முதல் வேலை, நோயாளியை ஊரிலிருந்து பிரித்து வைப்பதுதான். கடுமையான மனநோய்க்குப் பலன் தரும் மருந்து அப்போது உலகில் எங்குமே இல்லை. ஊரின் பெயரைக் கேட்டு மக்கள் அஞ்சியதில் வியப்பில்லை.

அந்த நிலையை மாற்றியது குளோர்புரோமசின் என்ற மருந்து. பிரான்சில் ஆன்ரி லபோரி என்ற அறுவை மருத்துவர், அறுவைச் சிகிச்சைக்கு வரும் நோயாளிகளுக்காக அதைச் சோதித்தார். அவர்கள் வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருப்பதைக் கவனித்து, மனநோய்க்கும் இது உதவலாம் என்றார். 1952-இல் பாரிசின் மனநல மருத்துவர்கள் கொடுத்துப் பார்த்தனர். இல்லாத குரல்கள் காதில் கேட்பதும் வீண் சந்தேகங்களும் பலருக்குக் குறைந்தன. மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் வேலையை அது தடுக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது! கைநடுக்கம், உடல் விறைப்பு போன்ற பக்கவிளைவுகள் உண்டு. எல்லாருக்கும் அது பலன் தரவுமில்லை. ஆனாலும், மருந்து சாப்பிட்டுக்கொண்டு வீட்டிலேயே வாழலாம் என்ற வழி பலருக்குத் திறந்தது.

1971-இல் தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனைக்கு 'பஹாகியா' என்று பெயரிட்டார்கள். மலாயில் மகிழ்ச்சி என்று பொருள். சிங்கப்பூரின் மனநல மருத்துவமனைக்கும் 1951-இல் 'உட்பிரிட்ஜ்' என்ற புதுப்பெயர் கிடைத்தது. நாளடைவில் அதுவும் கேலிச்சொல்லானது. 1993-இல் அது மனநலக் கழகம் ஆனது.

பெயர்ப்பலகையை மாற்றி இந்தக் கேலியை ஒழிக்க முடியாது என்பதே என் கருத்து. கேலி செய்பவர் விளையாட்டாகத்தான் சொல்கிறார். ஆனால் அதே வகுப்பில், வாரக்கணக்கில் தூக்கமில்லாமல், காரணம் தெரியாத பயத்தோடு வரும் மாணவி ஒருத்தி இருக்கலாம். ஆலோசகர் அறைக்குப் போனால் தனக்கும் அந்தப் பட்டம் விழும் என்று அவள் கதவுவரை வந்து திரும்பிவிடுவாள். மனநோய்க்குச் சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால் தேறும் வாய்ப்பு அதிகம். அவளோ அடுத்த தவணையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறாள்.