குழந்தை முகம் பார்க்கும் மாதம்

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் மாலை பள்ளிக்கூடம் விட்டு வீடு திரும்பினேன். பக்கத்து வீட்டு அம்மாள் கையில் ஒரு காகிதப் பொட்டலத்துடன் வாசற்படியில் காத்திருந்தாள். பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருட்டி வைத்த முடி!

"டீச்சரம்மா, இன்று ஒரு நாளில் என் மகள் தலையிலிருந்து விழுந்தது இவ்வளவு. சம்பந்தியம்மாள் நேற்று வந்து பார்த்தார். 'கம்பத்துத் தண்ணீர் என் மருமகளை மொட்டையடித்துவிட்டது, மதுரைக்கு அழைத்துக்கொண்டு போகிறேன்' என்று சொல்லிவிட்டார்" என்று கண் கலங்கினாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. மலையைக் குடைந்து 1895 முதல் இந்தப் பள்ளத்தாக்குக்கு வரும் பெரியாற்றுத் தண்ணீர்தானே வைகையில் கலந்து மதுரைக்கும் போகிறது! சிரிப்பை அடக்கிக்கொண்டு, குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்டேன்.

"மூன்று முடிந்து நாலு நடக்கிறது. முகம் பார்த்துச் சிரிக்கிறான். பிள்ளை முகம் பார்த்தால் தாய்க்கு முடி கொட்டும் என்று எங்கள் வீட்டுக் கிழவி சொல்கிறாள்."

சகோதரிகளே, இந்த இரண்டு கட்சியிலும் நான் கிழவியின் கட்சி. அவள் சொன்ன காரணம் பிசகு; ஆனால் மாதக் கணக்கு அட்சரம் பிசகாதது.

நம் தலையில் ஏறக்குறைய 1,00,000 முடிகள் உண்டு. ஒவ்வொன்றும் சில வருஷங்கள் வளர்ந்து, பிறகு சுமார் மூன்று மாதம் ஓய்ந்திருந்து, அப்புறம் உதிரும். அதே வேரிலிருந்து புதிய முடி புறப்படும். ஆகவே நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது சுகதேகிக்கும் இயல்பே. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் பெருகி, ஓய்வுக்குப் போகவேண்டிய முடிகளையும் போகவிடாமல் நிறுத்திவைக்கிறது. பிள்ளைத்தாய்ச்சியின் கூந்தல் அடர்த்தியாய்த் தோன்றுவதன் ரகசியம் இதுதான். பிரசவமானதும் அந்தச் சுரப்பு சடக்கென்று குறையவே, நிறுத்திவைத்த முடிகளெல்லாம் ஒரே சமயத்தில் ஓய்வுக்குள் நுழைகின்றன. மூன்று மாதம் கழித்து ஒரே சமயத்தில் விழுகின்றன. குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்குவதும் இரண்டு மூன்று மாதத்தில்தான். பாவம், அந்தப் பச்சைச் சிரிப்பின் மேல் பழி விழுந்துவிட்டது!

இன்று விழும் முடி மூன்று மாதத்துக்கு முந்திய சங்கதியைச் சொல்கிறது. நாமோ நேற்று மாற்றிய எண்ணெயையும் முந்தாநாள் குளித்த தண்ணீரையும் விசாரணைக்கு இழுக்கிறோம். அமெரிக்க வைத்தியர் கிளிக்மன் 1961-ஆம் ஆண்டிலேயே இந்த உதிர்வைத் தனியாக வகுத்து எழுதினார். கடும் ஜுரம், ஆபரேஷன், பட்டினி கிடந்து உடம்பை இளைக்கவைப்பது, பெருந்துக்கம் ஆகிய எதுவும் இதே விதமாகச் செய்யும். 2021 சித்திரை, வைகாசியில் கொரோனாவில் படுத்தெழுந்த பெண்கள் பலர் ஆடி, ஆவணியில் சீப்பைக் கண்டு அஞ்சியது நினைவிருக்கலாம். அப்போதும் ஆடிக்காற்றுக்குத்தான் பழி.

அப்படியானால் பருவத்துக்கும் முடிக்கும் சம்பந்தமே இல்லையா என்று கேட்பீர்கள். ஸ்விட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் 823 பெண்களின் முடியை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டார்கள். ஓய்வுப் பருவத்து முடிகள் ஜூலையில் மிகுந்தும் பிப்ரவரித் தொடக்க வாக்கில் குறைந்தும் இருந்தனவாம். ஆனால் அங்கே கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் ஏழு மணிக்கு மேல் வித்தியாசம். கம்பத்தில் அது ஒரு மணியும் சில நிமிஷங்களும்தான். அந்நாட்டுக் கணக்கை நம் சாரலுக்கு அப்படியே ஒட்டவைப்பது சரியன்று. மேலும், பருவத்தால் உதிர்வது வழுக்கையில் முடிவதில்லை.

தண்ணீரும் முழு நிரபராதி அல்ல. உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கி நடுவில் முறிக்கும். விழுந்த முடியின் நுனியில் வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு வந்தது, இல்லாவிட்டால் முறிந்தது. பொட்டலத்தில் இருந்தவற்றில் குமிழ் தெரிந்தது.

இதுவரை சொன்னது தானே சரியாகும் வகை. ஓரிடத்தில் மட்டும் காசுபோல் வட்டமாக உதிர்ந்தால் அது புழுவெட்டு. பெயர்தான் அப்படி, புழு ஏதும் இல்லை. வகிடு மட்டும் ஆண்டுக்காண்டு அகன்றுகொண்டே போனால் அது பரம்பரைச் சொத்து. மாதவிடாய் நிற்கும் வயதில் மேலும் வெளிப்படும். இளம் பெண்ணுக்கு விலக்கு மாதக்கணக்கில் தள்ளிப்போய், மோவாயில் ரோமமும் அரும்பினால் சினைப்பைக் கோளாறாக இருக்கலாம். சிகாகோ வைத்தியர்கள் ஸ்டைன், லெவெந்தால் இருவரும் 1935-இலேயே விவரித்தது அது. களைப்பு, குளிர் தாங்காமை, உடல் பருத்தல் இவற்றோடு உதிர்ந்தால் தைராய்டு சுரப்பியைச் சோதிக்க வேண்டும். இவை எதற்கும் எண்ணெய் மருந்தல்ல. வைத்தியரிடம் போவதே முறை.

அன்று அந்தப் பெண்ணைப் பார்த்தபோது எனக்குக் கவலை தந்தது அவள் கூந்தல் அல்ல; கண்ணிமையின் உட்புறம் வெளுத்துக் கிடந்தது. பத்தியம் என்று மூன்று மாதமாகக் கீரையையும் பருப்பையும் தள்ளிவைத்து, மிளகு ரசச் சாதத்திலேயே நிறுத்தியிருக்கிறார்கள். பால் குடிக்கும் குழந்தை வேறு! மறுநாள் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 8 என்றார்கள்; 12 இருக்கவேண்டும். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. முடி உதிர்ந்தால் ஊரைக் கூட்டும் நாம், இதை வீட்டுக்குள்ளேயே கவனியாமல் விடுகிறோம்.

இரும்புச் சத்து மாத்திரை அவளுக்கு முன்பே கொடுத்திருந்தார்கள். அதை அவள் தேநீரோடு விழுங்கியிருக்கிறாள்! தேநீர் இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும். அதை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்க வேண்டும். நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்பு நன்றாக ஏறும். தினம் அரைக்கிலோ பன்னீர் திராட்சை கொடுப்பதாகத் தாயார் பெருமையோடு சொன்னாள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் திராட்சையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அதில் இரும்பு சொற்பமே. நிறம் இரத்தமாகாது.

முடி வளர்வதற்கென்று விற்கும் பயோட்டின் மாத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது தைராய்டு முதலிய இரத்தச் சோதனைகளின் முடிவைத் தவறாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கண்காணிப்புத் துறை 2017-இல் எச்சரித்தது. சாப்பிடுகிறவர்கள் சோதனைக்கு முன் வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும்.

பெண் மதுரைக்கு உடனே போகவில்லை. கார்த்திகையில்தான் போனாள். பொங்கலுக்கு வந்தபோது நெற்றியோரமெங்கும் விரற்கடை நீளத்தில் புதுமுடி சிலிர்த்து நின்றது. கூடவே வந்த சம்பந்தியம்மாள் என்னைத் தனியாக அழைத்து, "டீச்சரம்மா, அப்படி என்ன எண்ணெய்தான் காய்ச்சித் தடவினீர்கள்? எனக்கும் ஒரு புட்டி கொடுங்களேன்" என்றார்.