சான்றட்டை சிகிச்சையாகாது

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம், மருத்துவக் கஞ்சாவுக்குத் தகுதிபெறும் நோய்களின் பட்டியலில் 2019 ஜூலையில் பதற்றக் கோளாறுகளைச் சேர்த்தது. மனச்சோர்வு அப்போது சேர்க்கப்படவில்லை.

ஆனால், பட்டியலில் இடம்பெறுவது வேறு, பலன் நிரூபிக்கப்படுவது வேறு. அதே ஆண்டில் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் 83 ஆய்வுகளைத் தொகுத்து வெளியான ஆய்வறிக்கை, இவ்விரு நோய்களுக்கும் கஞ்சா பயனளிக்கிறது என்பதற்கான ஆதாரம் மிகக் குறைவு என்றது. கஞ்சாவின் போதைக்கூறான டிஎச்சி மிகுந்தால் பதற்றம் கூடுவதும் உண்டு. அனுமதி வழங்கிய அன்றைய மாநிலச் சுகாதாரச் செயலர் ரேச்சல் லெவினே கூட, இது முதல்நிலைச் சிகிச்சையன்று, வழக்கமான சிகிச்சைக்கு மாற்றுமன்று என்றே கூறினார்.

அங்கு மருத்துவர் தருவது மருந்துச்சீட்டன்று. நோய் உண்டு என்னும் சான்று மட்டுமே. எந்த வகை, எவ்வளவு என்பது பெரும்பாலும் விற்பனையகத்தில்தான் முடிவாகிறது. ஆபத்து இங்குதான் இருப்பதாகக் கருதுகிறேன். உறக்கமற்றுத் தவிப்பவர் அந்த அட்டையை அரசின் உத்தரவாதமாக எண்ணி, உட்கொண்டுவரும் மருந்தைக் கைவிடக்கூடும்.

கஞ்சாவை நாடும் நோயாளியைப் பழிப்பதில் நியாயமில்லை. மனநல ஆலோசனை எட்டாதபோது எட்டியதைப் பற்றுவது மனித இயல்பு. சான்றளிக்கும் மருத்துவரே நோயாளியைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்பதைச் சட்டம் கட்டாயமாக்கட்டும். அதுவே கருணையும் அறிவியலும் இணையும் வழி.