விதைநெல்லின் விலை

1972 மே 14. நியூயார்க்கின் ஷே மைதானம். மெட்ஸ் பேஸ்பால் அணிக்காக முதல் முறையாக ஆட இறங்கியிருந்தார் வில்லி மேஸ். வயது 41. எதிரே நின்றது அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆடிய ஜயண்ட்ஸ் அணி. மூன்று நாள் முன்புதான் அது அவரைக் கைமாற்றிவிட்டிருந்தது. ஆட்டம் 4-4 என்று சமனில் இருக்க, ஐந்தாவது இன்னிங்ஸில் மேஸ் அடித்த பந்து சுவரைத் தாண்டிப் போனது. மெட்ஸ் வென்றது அந்த ஒரு ரன்னில்.

அடுத்த ஆண்டு அக்டோபரில் அதே மேஸ், வேர்ல்டு சீரிஸின் இரண்டாவது ஆட்டத்தில், ஓக்லாந்து வெயிலில் பந்தைத் துரத்தித் தடுமாறி விழுந்தார். வயது கடந்தும் ஆட்டத்தை விடாதவர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அமெரிக்காவில் இன்றும் அந்தக் காட்சியைத்தான் இழுக்கிறார்கள். அதே ஆட்டத்தின் 12-வது இன்னிங்ஸில் மெட்ஸை முன்னிலைக்குக் கொண்டுபோன அடியும் அவருடையதுதான் என்பதைச் சொல்பவர்கள் குறைவு.

மூத்த நட்சத்திரத்தை இன்னொரு அணியிடமிருந்து வாங்குவது புத்திசாலித்தனமா? பேஸ்பாலில் இது நூறாண்டுக் கேள்வி. ஒரு வருடம் தாமதமாக விற்பதைவிட ஒரு வருடம் முந்தி விற்பதே மேல் என்பது அணி நிர்வாகி பிராஞ்ச் ரிக்கியின் பெயரோடு வழங்கிவரும் கொள்கை. பெரும்பாலான ஆட்டக்காரர்கள் 27 வயதையொட்டி உச்சத்தைத் தொட்டுவிடுகிறார்கள் என்று 1980-களில் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் விடை எளிது: வாங்காதே. ஆனால் வரலாறு அவ்வளவு எளிதாக முடியவில்லை.

மெட்ஸ் மேஸுக்காகக் கொடுத்தது என்ன? சார்லி வில்லியம்ஸ் என்ற இளம் பந்து எறிபவரையும் கொஞ்சம் ரொக்கத்தையும். வில்லியம்ஸ் பெரிய நட்சத்திரம் ஆகவில்லை. மெட்ஸின் உரிமையாளர் ஜோன் பேசன், ஜயண்ட்ஸ் நியூயார்க்கில் இருந்த காலத்தில் அதில் பங்கு வைத்திருந்தவர்; அணி சான் பிரான்சிஸ்கோவுக்குப் பெயர்ந்ததை எதிர்த்தவர். மேஸைத் திரும்பக் கொண்டுவருவது அவருடைய நெடுநாள் ஆசை. 1973-ல் மேஸின் பேட்டிங் சராசரி வெறும் 0.211; ஹோம் ரன்கள் ஆறு. ஆட்டக் கணக்கில் சொற்பம்தான். ஆனால் கொடுத்ததும் சொற்பம். யானை இருந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். பேசன் அந்த ஆயிரத்தைக்கூடக் கொடுக்கவில்லை.

1974 நவம்பரில் ஹாங்க் ஆரனை வாங்கிய மில்வாக்கியும் ஏறக்குறைய இதையேதான் செய்தது. ஓடிப் பிடிக்க வேண்டியதில்லை, மட்டை பிடித்தால் போதும் என்ற புது விதி அமெரிக்கன் லீகில் வந்திருந்த நேரம். ஆரன் அங்கே இரண்டு ஆண்டுகளில் 22 ஹோம் ரன்கள் அடித்து, மொத்தம் 755-ல் ஓய்ந்தார். அவர் முதலில் பேரெடுத்த ஊரிலேயே அவரைக் கடைசியாகப் பார்க்கும் வாய்ப்பு மக்களுக்குக் கிடைத்தது.

இனி மறுபக்கம். 1987 ஆகஸ்டில் டெட்ராய்ட் டைகர்ஸுக்கு அவசரமாக ஒரு பந்து எறிபவர் தேவைப்பட்டார். அட்லாண்டாவிலிருந்து 36 வயது டாயில் அலெக்சாண்டரை வாங்கினார்கள். அவர் 9 ஆட்டங்களை வென்றார், ஒன்றிலும் தோற்கவில்லை. கடைசி வாரத்தில் டொராண்டோவைத் தாண்டி இரண்டே ஆட்ட வித்தியாசத்தில் டைகர்ஸ் பிரிவுப் பட்டத்தைப் பிடித்தது. மூத்தவரை வாங்கியதில் இதைவிடக் கைமேல் பலன் வேறெங்கும் காண்பது அரிது. ஆனால் அடுத்த சுற்றில் மினசோட்டாவிடம் அலெக்சாண்டர் இரண்டு ஆட்டங்களையும் இழந்தார்; அணியும் வெளியேறியது. இரண்டே ஆண்டுகளில், 1989-ல், அதே டைகர்ஸ் 103 ஆட்டங்களில் தோற்றது.

அவருக்கு விலையாகப் போனவர், மிச்சிகனிலேயே வளர்ந்த 20 வயது ஜான் ஸ்மோல்ட்ஸ். அந்த ஆண்டு சிறு லீகில் அவர் கணக்கு 4 வெற்றி, 10 தோல்வி. யார் கண்டார்கள்? அவர் 213 வெற்றிகளும் 154 சேவ்களும் குவித்து 2015-ல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார். 1990-ல் பாஸ்டன் இதே தவற்றைச் செய்தது: 37 வயது லாரி ஆண்டர்சன் எறிந்த 22 இன்னிங்ஸுக்காக ஜெஃப் பாக்வெல்லைக் கொடுத்தது. பாக்வெல் பின்னாளில் அடித்த ஹோம் ரன்கள் 449.

இங்கேதான் வேடிக்கை. அவமானமாக நினைவில் நிற்கும் மேஸ் பேரத்தில் நட்டம் ஏறக்குறைய இல்லை. களத்தில் அற்புதமாகப் பலித்த அலெக்சாண்டர் பேரத்தில் ஒரு தலைமுறையே கைவிட்டுப் போனது. மூத்தவரின் தளர்ச்சி கண்ணுக்குத் தெரியும். அதைத்தான் எல்லோரும் எடைபோடுகிறார்கள். இளையவரின் மதிப்பு பத்து வருடம் கழித்துத்தான் தெரியும். அதை யாரும் எடைபோடுவதில்லை. விதைநெல்லைக் குத்திப் பொங்கினால் சோறு ருசியாகத்தான் இருக்கும்.

வயதைக் கண்டு அஞ்சுவதும் ஒரு குருட்டுத்தனம்தான். 1965 டிசம்பரில், ஃபிராங்க் ராபின்சன் முப்பதிலேயே முதுமை தட்டியவர் என்று எண்ணி சின்சினாட்டி அவரை பால்டிமோருக்குத் தள்ளிவிட்டது. அடுத்த ஆண்டே அவர் 49 ஹோம் ரன்களோடு ட்ரிப்பிள் கிரவுன் வென்று, பால்டிமோருக்கு வேர்ல்டு சீரிஸையும் பெற்றுத் தந்தார். 2017 ஆகஸ்ட் 31 இரவு, கெடு முடியும் தறுவாயில் ஹூஸ்டன் வாங்கிய ஜஸ்டின் வெர்லாண்டருக்கு வயது 34. ஐந்து ஆட்டங்களில் ஐந்து வெற்றி. 39 வயதில் மீண்டும், சிறந்த பந்து எறிபவருக்கான சை யங் விருது. அவருடைய சம்மதம் இல்லாமல் அந்தப் பேரம் நடந்திருக்காது என்பதும் கவனிக்கத்தக்கது. பத்தாண்டு ஆடி, கடைசி ஐந்தாண்டும் ஒரே அணியில் இருந்தவர் மாற்றத்தை மறுக்கலாம் என்ற உரிமை 1973-ல்தான் வந்தது. மேஸுக்கு அது கிடைக்கவில்லை.

ஆகவே, இந்த மூத்தவரிடம் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று மட்டும் கேட்டால் போதாது. வீட்டில் எதை எடுத்துக் கொடுக்கப் போகிறோம் என்றும் கேட்க வேண்டும். பஞ்சத்தில் விதைநெல்லைத் தின்றவனைக் குறை சொல்ல முடியாது. அது விதைநெல் என்று தெரிந்தாவது தின்றிருக்க வேண்டும்.

மேஸின் 24-ஆம் எண்ணை இனி வேறு யாரும் அணிய மாட்டார்கள் என்று பேசன் வாக்குக் கொடுத்திருந்தார். 1975-ல் அவர் இறந்தார். வாக்கு கிடப்பில் கிடந்தது. 2022 ஆகஸ்டில், அரை நூற்றாண்டு கழித்து, மெட்ஸ் அதை நிறைவேற்றியது. மேஸ் அதைக் கேட்க உயிரோடிருந்தார். அவர் அந்த அணிக்காக ஆடியது இரண்டு சீசன்கூட முழுதாக இல்லை. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.