எட்டயபுரம் வழியாக ஒரு எலெக்ட்ரிக் கிடார்

'ரங்கபுர விஹாரா' என்றால் எங்கள் வீட்டில் எம்.எஸ். மட்டும்தான். திருநெல்வேலி வானொலியில் அது வந்தால் ஆச்சி அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவாள். போன ஞாயிற்றுக்கிழமை அதே பாட்டை எலெக்ட்ரிக் கிடாரோடும் டிரம்ஸோடும் அவளுக்குப் போட்டுக் காட்டினேன். தைரியம்தான்!

பெங்களூருவின் 'அகம்' இசைக்குழு 2017-ல் வெளியிட்ட 'எ டிரீம் டு ரிமெம்பர்' ஆல்பத்தில் வரும் பாட்டு அது. பெயர் எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறதா? 2007-ல் சன் டி.வி-யில் ஏ.ஆர்.ரஹ்மான் நடுவராக இருந்த இசைக்குழுப் போட்டியில் ஜெயித்தவர்கள் இவர்கள்தான். 'கர்னாடிக் புரோகிரஸிவ் ராக்' என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். கிடார் கனக்கிற இடங்களில் புரோகிரஸிவ் மெட்டலின் வாசல்வரை போய்விடுகிறார்கள். அது என்ன மெட்டல் என்பவர்களுக்கு: சத்தம் மட்டும் அல்ல. பாட்டு நான்கு நிமிடத்தில் முடிய வேண்டும் என்ற அவசரம் இருக்காது. நடுவில் தாளக் கணக்கு மாறும், வேகம் மாறும். அமெரிக்காவின் டிரீம் தியேட்டர் மாதிரியான குழுக்களின் வேலை இது.

ஆச்சி முழுசாகக் கேட்டாள். "பாடுத பையன் நல்லாத்தாம்ட்டி பாடுதான். அவனைப் பாட விடாம எதுக்கு இத்தனை பேரு சுத்தி நின்னு கத்துதாங்க?"

பாடுவது ஹரிஷ் சிவராமகிருஷ்ணன். பிருந்தாவன சாரங்காவை அவர் எடுக்கும் நிதானத்தைப் பற்றி எங்களுக்குள் தகராறு இல்லை. கிடாரில்தான் சண்டை. 'சாமி பாட்டைக் கெடுத்துட்டாங்க' என்பதுதானே இந்த மாதிரி இசைக்கு வழக்கமாக விழும் திட்டு? அதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. அது எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது.

இந்தக் கீர்த்தனையின் முத்துசுவாமி தீட்சிதர் 1835 தீபாவளியன்று காலமானது எட்டயபுரத்தில். தூத்துக்குடியிலிருந்து மதுரை நாற்கரச் சாலையில் காரில் போனால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அவருடைய நினைவிடமும் அங்கேதான். வறண்ட கரிசல் நிலத்தைப் பார்த்து மனம் கசிந்து அமிர்தவர்ஷினி பாடினார், மழை கொட்டியது என்ற கதையையும் இந்தப் பக்கத்தோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். (பள்ளிச் சுற்றுலாவில் பாரதி பிறந்த வீட்டுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். அதே ஊரில் இவரும் இருக்கிறார் என்று யாரும் சொல்லித் தரவில்லை.)

அவர் ஏன் எட்டயபுரம் வந்தார்? தம்பி பாலுசாமி தீட்சிதர் அங்கே சமஸ்தான வித்வான். அந்தத் தம்பி சென்னையில் ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அந்தக் கருவியை நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர். அண்ணனும் சும்மா இருக்கவில்லை. வெள்ளைக்காரர்களின் பேண்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். 'நோட்டுஸ்வரம்' என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறார்களே, அதுதான். பிரிட்டிஷ் ராஜ வாழ்த்தின் மெட்டுகூட அதில் உண்டு. அன்றைக்கு வயலினும் 'வெளிநாட்டுச் சத்தம்'தானே?

இதைச் சொன்னதும் ஆச்சி, "அவுக பேண்டு மெட்டுக்குப் புதுசா எழுதினாக. இவங்க எழுதின பாட்டுல பேண்டை ஏத்துதாங்க. ரெண்டும் ஒண்ணா?" என்றாள். ஒன்றில்லைதான். எனக்கு உடனே பதில் வரவில்லை.

பதில் பாட்டிலேயே கிடைத்தது. தீட்சிதர் கீர்த்தனைகள் யானை நடையில் போகும். ஆனால் பெரும்பாலும் சரணத்தின் முடிவில் மத்யமகால சாகித்யம் வரும். அதுவரை நிதானமாக வந்த சொற்கள் திடீரென இரட்டை வேகத்தில் அடுக்கடுக்காக ஓடும். வேகத்தை மாற்றும் அந்த யோசனை கிடாரோடு வந்ததில்லை, கீர்த்தனைக்குள்ளேயே இருக்கிறது. நல்ல மெட்டல் குழு காத்திருப்பதும் இந்த மாதிரி ஒரு இடத்துக்குத்தான். 'அகம்' அதைப் புரிந்துகொண்டு வாசிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

புரிந்துகொள்ளாத இடங்களும் இருக்கின்றன. இங்கே ஆச்சி பக்கம்தான் நான். உச்சம் நெருங்கினால் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசிக்கிறார்கள். கிடார், கீபோர்டு, டிரம்ஸ் எல்லாம் சேர்ந்து பொங்கும்போது சாகித்யம் அடியில் போய்விடுகிறது. சொல்லை முத்தாகக் கோத்தவர் தீட்சிதர். கோரல் மில் பக்கம் உப்பு லாரி போகும்போது போன் பேசுவதுபோல அவரைக் கேட்க வேண்டியிருக்கிறது.

தியாகராஜரின் நளினகாந்தி கீர்த்தனையை எடுத்துச் செய்த 'மிஸ்ட் ஆஃப் கேப்ரிகார்ன்' இந்தச் சிக்கலில் அதிகம் மாட்டவில்லை. அது பிறவியிலேயே துள்ளும் ராகம். 'கலைஞன்' படத்தில் இளையராஜாவுக்காக யேசுதாஸும் ஜானகியும் பாடிய பாட்டு நினைவுக்கு வரும். மெட்டல் பக்கமே தலைவைக்காதவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். எம்.டி.ராமநாதனின் 'சாகர சயன விபோ'வை இரவில் கேளுங்கள். மூன்றையுமே போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அடித்தொனி செத்து, மிச்சம் இரைச்சல்தான் வரும். நான் ஆச்சிக்கு முதலில் போட்டதும் அப்படித்தான், தப்பு என்னுடையது.

மறுநாள் ஹெட்போன் மாட்டிவிட்டேன். பாதியில் கழற்றி, "இப்ப பரவாயில்ல" என்றாள். அப்புறம், "ஆனா எம்.எஸ். எம்.எஸ்.தான்."